கோணல் சுவரில் நேர்க்கோடு: சமையல் மேடைக்கு நாமே டைல்ஸ் பதிப்பது

முதல் முறை நான் பதித்த டைல்ஸில் நான்கு, எட்டே மாதத்தில் கழன்று மேடைமேல் விழுந்தன. ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். முதுகில் பசை கல்லாக இறுகியிருந்தது. பசைக்கு மேலே மெல்லிய தோல்போலப் பச்சைப் பெயின்ட். டைல் பசையை விடவில்லை, பசை பெயின்ட்டை விடவில்லை, பெயின்ட்தான் சுவரை விட்டுவிட்டது. கொத்தனாரான சித்தப்பாவுக்குப் படம் எடுத்து அனுப்பினேன். "டைல்ஸ் நல்லாத்தானேம்மா ஒட்டியிருக்கு, சுவத்துலதான் ஒட்டல" என்றார்.

மிச்சத்தையும் பெயர்த்துவிட்டு, அவரைப் போனில் தொந்தரவு செய்தபடியே மறுபடி பதித்தேன். அது நான்கு வருடமாக அசையாமல் நிற்கிறது. இங்கே எழுதுவது அந்த இரண்டாம் முறை செய்ததைத்தான். எனக்கு மூன்று சனி, ஞாயிறு பிடித்தது. அதில் டைல்ஸ் ஒட்டிய நேரம் ஒன்றேகால் நாள்.

ஒரு விஷயம் முதலிலேயே தெரிந்திருந்தால் நான் இவ்வளவு திணறியிருக்க மாட்டேன். வீட்டில் எதுவும் நேராக இல்லை. சுவருக்குத் தொப்பை இருக்கும், மேடை ஒரு பக்கம் இறங்கியிருக்கும், மூலையில் மூலைமட்டத்தை வைத்தால் இடுக்கில் வெளிச்சம் தெரியும். டைல்ஸ் மட்டும்தான் நேர். நேரானதைக் கோணலில் பதித்தால் கோணல் எங்காவது எட்டிப் பார்க்கத்தான் செய்யும். எங்கே எட்டிப் பார்க்கலாம் என்பதை நாம் முன்பே முடிவு செய்துவிட வேண்டும்.

சுவர்

மேடைக்கு மேலே இருக்கும் சுவர் என்றால் அதில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும். கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் இருக்கும். பாத்திரம் கழுவும் திரவத்தை வெந்நீரில் கலந்து தேய்த்துக் கழுவி, நல்ல தண்ணீரில் துடைத்துக் காயவிடுங்கள். காய்ந்தபின் கையால் கொஞ்சம் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். சுவர் உறிஞ்சிக் கறுத்தால் பசை பிடிக்கும். முத்து முத்தாக உருண்டு வழிந்தால் பெயின்ட்டோ பிசுக்கோ இன்னும் தடுத்துக்கொண்டிருக்கிறது.

என் சுவரில் ஆயில் பெயின்ட், அதற்கு அடியில் புட்டி. புட்டி என்பது சுவருக்குப் போடும் பவுடர். பெயின்ட்டைத் தாங்கும், டைல்ஸைத் தாங்காது. பட்டைக் கத்தியால் முழுவதையும் சுரண்டினேன். சுரண்ட வராத இடத்தில் சின்னக் கொத்துச் சுத்தியால், இரண்டு விரல் இடைவெளிக்கு ஒன்றாகக் கொத்திவிட்டேன். நாள் முழுக்க அதே வேலை, தலையெல்லாம் தூசு. ஒட்டுவதைவிட அலுப்பான வேலை இதுதான், இதைத்தான் முதல் முறை நான் செய்யாமல் விட்டேன்.

பிறகு சுத்தியின் மரப்பிடியால் சுவர் முழுக்கத் தட்டிப் பாருங்கள். 'டொக் டொக்' என்று உள்ளீடில்லாத சத்தம் வருகிற இடத்தில் பூச்சு செங்கல்லை விட்டுப் பிரிந்திருக்கிறது. அதைக் கொத்தி எடுத்து மறுபடி பூச வேண்டும். அடுத்து ஒரு நேரான மட்டப்பலகையைக் குறுக்கும் நெடுக்கும் சாய்த்தும் வைத்துப் பார்த்து, மேட்டையும் பள்ளத்தையும் பென்சிலால் வட்டமிடுங்கள். இரண்டு மீட்டர் பலகைக்கு அடியில் 3, 4 மி.மீ.க்கு மேல் இடைவெளி தெரிந்தால் அதை முதல் நாளே அதே டைல் பசையால் நிரப்பி இழுத்துவிடலாம். ஒட்டும்போது அந்தந்த டைலுக்குக் கூடுதல் பசை வைத்துச் சமாளிக்கலாம் என்று நினைக்காதீர்கள். தடிமனாக வைத்த பசை காயும்போது சுருங்கி டைலை உள்ளே இழுத்துக்கொள்ளும்.

உங்கள் சுவர் சிமென்ட் பூச்சாக இல்லாமல் ஜிப்சம் பூச்சோ ஜிப்சம் பலகையோவாக இருந்தால் நேராக சிமென்ட் பசை வைக்கக் கூடாது. ஈரத்தில் சிமென்ட்டும் ஜிப்சமும் வினைபுரிந்து உப்பிக்கொள்ளும், ஒட்டிய பரப்பு நொறுங்கிப் பிரியும். அதற்கான பிரைமரை அடித்துக் காயவிட்டு அதன்மேல் பசை வையுங்கள்.

மின்சாரத்தை எம்சிபியில், அதாவது மெயின் பலகையில் இருக்கும் தானியங்கி சுவிட்சில், நிறுத்துங்கள். நிறுத்திய பிறகும் டெஸ்டரை வைத்துப் பாருங்கள், ஏனென்றால் சில வீடுகளில் ஒரே பலகைக்கு இரண்டு லைன் வரும். சுவிட்ச் தட்டுகளைக் கழற்றி, கம்பி முனைகளுக்கு இன்சுலேஷன் டேப் சுற்றிப் பெட்டிக்குள் மடித்துவையுங்கள். டைலும் பசையுமாக 10 மி.மீ. தடிமன் கூடும், பழைய திருகு எட்டாது. நீளத் திருகை இப்போதே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

எதை வாங்குவது

சுவருக்கு செராமிக் டைல்ஸே போதும். யாரும் அதன்மேல் நடக்கப் போவதில்லை. விட்ரிஃபைட் டைல் தண்ணீரே குடிக்காது, அதன் உறிஞ்சல் அரை சதவீதத்துக்கும் கீழே. கெட்டியானது, அதனாலேயே வெட்டுவதற்கும் பிடிவாதமானது. செராமிக் சுவர் டைல் 10 சதவீதத்துக்கு மேல் உறிஞ்சும், கைக் கட்டரில் கோடு போட்டு அழுத்தினால் பட்டென்று உடையும். முதல் முறை செய்கிறவர்கள் இதைத் தாண்டிப் போக வேண்டாம். மார்பிள் மாதிரியான இயற்கைக் கல் அழகுதான், ஆனால் புளிப்பு எது பட்டாலும் மேற்பரப்பு மங்கிப்போகும். சமையல் மேடைக்கு அதை நான் சொல்ல மாட்டேன்.

நான் வாங்கியது 10 × 20 செ.மீ. டைல். பின்சுவர் 270 செ.மீ., பக்கச் சுவர் 60 செ.மீ., உயரம் 55 செ.மீ. பரப்பைக் கணக்கிட்டால் 91 டைல் வந்தது. உடைவதற்கும் வெட்டிக் கழிவதற்கும் 10 சதவீதம் சேர்த்தால் 100. மீன்முள் மாதிரியோ சாய்வாகவோ பதிப்பதென்றால் 15 சதவீதம் சேர்க்க வேண்டும். என் கையை நம்பாமல் 110 வாங்கினேன், 9 மிஞ்சியது. எல்லாப் பெட்டியிலும் ஒரே பேட்ச் எண் இருக்கிறதா என்று கடையிலேயே பாருங்கள். எண் மாறினால் நிறம் லேசாக மாறும், கடை வெளிச்சத்தில் அது தெரியாது. பதிக்கும்போதும் ஒரு பெட்டியைத் தீர்த்துவிட்டு அடுத்ததைத் திறக்காமல் மூன்று நான்கு பெட்டிகளிலிருந்து கலந்து எடுங்கள்.

பசை மூட்டையில் சி1, சி2 என்று ஒரு குறியீடு இருக்கும். சி என்றால் சிமென்ட் வகை, 2 என்றால் பிடிமானம் கூடியது. அதோடு டி இருந்தால் சுவரில் வைத்த டைல் கீழே வழுக்காது, இ இருந்தால் பரப்பிய பசை சீக்கிரம் காய்ந்துவிடாது. மெதுவாக வேலை செய்கிற நமக்கு சி2டிஇ நிம்மதி. கண்ணாடி டைல் என்றால் வெள்ளைப் பசைதான் வேண்டும், சாம்பல் பசை பின்னாலிருந்து தெரியும்.

இவை போக: 6 மி.மீ. பல் வைத்த கரணை, டைல்களுக்கு நடுவே இடைவெளி மாறாமல் இருக்கச் செருகும் 2 மி.மீ. ஸ்பேசர், ரசமட்டம், கைக் கட்டர், வைரப் பிளேடு போட்ட கிரைண்டர், ரப்பர் கரணை, இரண்டு ஸ்பாஞ்சு, ரப்பர் கையுறை, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, முகமூடி. கையுறையைத் தவிர்க்காதீர்கள். சிமென்ட் காரம், ஒரு நாள் முழுக்கக் கையில் இருந்தால் தோலை அரித்துவிடும்.

எங்கே தொடங்குவது

இதற்காக நான் சுவரைப் பார்த்துக்கொண்டு அரை நாள் உட்கார்ந்திருந்தேன். உள்ளே வந்து எட்டிப் பார்த்த மாமியார், "சுவரு ஏதாவது சொல்லுதாம்மா?" என்று கேட்டுவிட்டுப் போனார். உண்மையில் சொல்லத்தான் செய்தது.

ஒரு நீள மரச்சட்டத்தில் டைலும் இடைவெளியுமாகச் சேர்த்து 20.2 செ.மீ.க்கு ஒரு கோடு என்று குறித்துக்கொள்ளுங்கள். சுவரில் இந்த அளவுக் குச்சியை இப்படியும் அப்படியும் நகர்த்தினால், எந்த மூலையில் எவ்வளவு துண்டு விழும் என்பது ஒரு டைலைக்கூட எடுக்காமல் தெரிந்துவிடும்.

சுவரின் நடுவில் ஒரு முழு டைலை வைத்து இரண்டு பக்கமும் எண்ணினேன். 13 முழு டைல், இரு ஓரத்திலும் 3.4 செ.மீ. கீற்று. கீற்று பார்க்க அசிங்கம், வெட்டவும் சிரமம். சரி, நடுவில் இடைவெளி வரும்படி வைத்தேன். 12 முழு டைல், ஓரங்களில் 13.5 செ.மீ. துண்டுகள். இது நன்றாகத்தானே இருக்கிறது என்று நினைத்தபோதுதான் உறைத்தது. நான் பதிக்கப்போவது செங்கல் வரிசை. ஒரு வரிசையில் 13.5 வந்தால் அடுத்த வரிசை அரை டைல் தள்ளிப் போகும், அங்கே மறுபடி 3.4 கீற்று.

சித்தப்பாவைக் கூப்பிட்டேன். "கால் டைல் தள்ளிப் பாரு" என்றார், வேறு எதுவும் சொல்லவில்லை. நடுக்குறியை 5 செ.மீ. நகர்த்தினேன். ஒரு வரிசைக்கு இடது ஓரம் 18.5, வலது ஓரம் 8.5. அடுத்த வரிசைக்கு இடது 8.4, வலது 18.6. எந்த ஓரத்திலும் கீற்று இல்லை, வரிசைகள் கண்ணாடியில் பார்த்ததுபோல மாறி மாறி வருகின்றன. செங்கல் வரிசை போடுகிறவர்கள் எல்லோரும் இந்தக் கால் டைல் கணக்கை ஒருமுறை பார்த்துவிடுங்கள். கூடவே இன்னொன்று: 40 செ.மீ.க்கு மேல் நீளமான டைல்கள் சூளையில் லேசாக வளைந்திருக்கும். அவற்றைப் பாதிக்குப் பாதி தள்ளி வைத்தால் ஒன்றின் முதுகு வளைவுக்குப் பக்கத்தில் அடுத்ததன் முனை வந்து படி தட்டும். அவற்றை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தள்ள வேண்டாம்.

அடுத்தது உயரம். 55 செ.மீ.யில் ஐந்து முழு வரிசை போக மேலே 3.5 செ.மீ. பட்டை விழுந்தது. அதை மேலேயே விட்டுவிட்டேன். அலமாரிக்கு அடியில் நிழல், நின்று பார்க்கிறவர் கண்ணுக்குத் தெரியாது. மேடையை ஒட்டிய வரிசையைத்தான் எல்லோரும் பார்ப்பார்கள், அங்கே முழு டைல் இருக்க வேண்டும்.

ஆனால் மேடை? ரசமட்டத்தை வைத்துப் பார்த்தேன், 270 செ.மீ. நீளத்துக்கு 6 மி.மீ. வலது பக்கம் இறங்கியிருந்தது. மேடையை நம்பி அடுக்கினால் மேலே போகப்போக எல்லா வரிசையும் சாயும், அலமாரியின் அடிவிளிம்பு நேராக இருப்பதால் அங்கே குட்டு உடைந்துவிடும். எனவே மேடை எங்கே மிகவும் இறங்கியிருக்கிறதோ அங்கே ஒரு முழு டைலை, அடியில் 3 மி.மீ. விட்டு நிறுத்தி, அதன் மேல்விளிம்பு மட்டத்தில் சுவர் முழுக்க ரசமட்டக் கோடு போடுங்கள். இனி மேடை உங்களுக்குத் தேவையில்லை, அந்தக் கோடுதான் தரை. மேடை உயர்ந்திருக்கும் பக்கத்தில் முதல் வரிசை டைல்களின் அடிப்பாகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக வெட்ட வேண்டிவரும், எனக்கு இடது கோடியில் 6 மி.மீ. வரை. இவ்வளவு மெல்லிய பட்டை கைக் கட்டரில் உடையாது, கிரைண்டர்தான். வெட்டிய விளிம்பு கீழே சிலிக்கோனுக்குள் மறைந்துவிடும். 100 மி.மீ. உயர டைல் ஒரு கோடியில் 94 ஆகக் குறைந்திருப்பதை மாமியார் உட்பட இதுவரை யாரும் கண்டுபிடிக்கவில்லை.

அடுப்பு தனியாக நிற்கிற வகை என்றால் அதன் பின்னால் மேடை இருக்காது. அந்த இடத்தில் கோட்டுக்கு ஏற்றபடி ஒரு நேரான சட்டத்தைத் திருகி வைத்து அதன்மேல் டைலை உட்காரவையுங்கள், பசை காய்ந்ததும் கழற்றிவிடலாம்.

ஒட்டுவது

வாளியில் முதலில் தண்ணீர், அப்புறம் பவுடர். மூட்டையில் சொன்ன அளவைத் தாண்டாதீர்கள். கலக்கி ஐந்து நிமிடம் அப்படியே விட்டு, தண்ணீர் சேர்க்காமல் மறுபடி கலக்குங்கள். பற்பசை பதத்துக்கு வரும். கரணையில் அள்ளிச் சாய்த்தால் வழியக் கூடாது. வாளியில் இறுகத் தொடங்கினால் தண்ணீர் ஊற்றி இளக்காமல் கொட்டிவிடுங்கள். அப்படி இளக்கிய பசைக்குப் பிடிமானம் இருக்காது.

டைல்ஸை ஊறவைக்க வேண்டாம். அது சிமென்ட் பாலில் பதிக்கிறவர்கள் செய்வது. பின்பக்கத் தூசியை ஈரத்துணியால் ஒருமுறை துடைத்தால் போதும்.

கரணையின் தட்டைப் பக்கத்தால் முதலில் சுவரில் மெல்லிய படலமாக அழுத்தித் தேயுங்கள். அதன்மேல் பசையை வைத்து, பல் பக்கத்தை 45 பாகை சாய்த்து ஒரே திசையில் நேர் கோடுகளாக இழுங்கள். வட்டமாக இழுத்தால் சுருளுக்குள் காற்று மாட்டிக்கொள்ளும். ஒரு தடவைக்கு நான்கைந்து டைல் அளவுக்கு மேல் பரப்பாதீர்கள். டைலை வைத்து, கோடுகளுக்குக் குறுக்காக லேசாக முன்னும் பின்னும் தள்ளி அழுத்தினால் மேடுகள் சரிந்து பள்ளங்களை நிரப்பும்.

முதல் டைலை ஒட்டிய கையோடு பிய்த்து எடுங்கள். மனசு வராது, ஆனாலும் எடுங்கள். முதுகில் பசை எல்லா இடத்திலும் பட்டிருந்தால் சரி. கோடு கோடாக மட்டும் பட்டிருந்தால் அழுத்தம் போதவில்லை, அல்லது கரணைப் பல் சின்னது. ஐந்தில் நாலு பங்காவது பட்டிருக்க வேண்டும். நான் முதல் முறை பதித்ததில் விழாமல் நின்றவற்றைப் பெயர்த்தபோதும் முதுகில் பாதி வெறுமையாகத்தான் இருந்தது. பரப்பிய பசையை அவ்வப்போது விரலால் தொட்டும் பாருங்கள். விரலில் ஒட்டாவிட்டால் மேலே ஆடை கட்டிவிட்டது, சுரண்டிவிட்டுப் புதிதாக வையுங்கள்.

கோட்டின்படி முதல் வரிசையைக் கோடியிலிருந்து கோடிவரை முடித்து, ரசமட்டத்தில் பார்த்துவிட்டு மேலே ஏறுங்கள். இதில் மட்டும் அவசரம் வேண்டாம், மற்ற ஐந்து வரிசையும் இதன் தோளில்தான் நிற்கப்போகின்றன. மூலைகளில் டைலைச் சுவரோடு முட்டவிடாமல் 2 மி.மீ. விடுங்கள். இடைவெளியில் பிதுங்கும் பசையை ஈரமாக இருக்கும்போதே குச்சியால் எடுங்கள். மறுநாள் எடுக்க நினைத்தால் உளி வேண்டும்.

வெட்டுவதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கைக் கட்டரில் ஒரே இழுப்பு, ஒரே அழுத்தம். இரண்டாம் முறை அதே கோட்டில் இழுத்தால் டைல் தாறுமாறாக உடையும். சுவிட்ச் பெட்டிக்கு எல் வடிவில் வெட்டும்போது கிரைண்டரைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்குங்கள். வெட்டு 3 மி.மீ. பிசகினாலும் சுவிட்ச் தட்டு மூடிக்கொள்ளும், அங்கே போய் அரை மணி நேரம் அரைத்துக்கொண்டிருக்காதீர்கள். ஆனால் தட்டின் திருகு வரும் இடத்தில் டைல் அடைத்துக்கொண்டிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். கிரைண்டர் வேலை எல்லாம் வீட்டுக்கு வெளியே, முகமூடியோடு. அந்தத் தூசியில் சிலிக்கா இருக்கிறது, நுரையீரலுக்குக் கெடுதல்.

இடைவெளி நிரப்புவது

24 மணி நேரம் பொறுங்கள். ஸ்பேசர்களைப் பிடுங்குங்கள்.

டைல்களுக்கு நடுவே நிரப்பும் கலவைக்குப் பெயர் கிரவுட். இடைவெளி 3 மி.மீ.க்குக் குறைவென்றால் மணல் கலக்காத கிரவுட், அதற்கு மேல் என்றால் மணல் கலந்தது. எபாக்சி கிரவுட் கறையே பிடிக்காது, ஆனால் சீக்கிரம் இறுகும், டைல்மேல் காய்ந்த படலத்தை எடுப்பது பெரும்பாடு. இரண்டு பேர் இருந்தால் முயலலாம். நான் தனியாகச் செய்ததால் சிமென்ட் கிரவுட்டே போட்டேன், நிறம் சாம்பல். வெள்ளை வேண்டாம் என்று ஒரே பிடியாகச் சொல்வேன். அடுப்புக்குப் பின்னால் அது வெள்ளையாக இருக்கப் போவது கொஞ்ச நாள்தான்.

கிரவுட்டுக்கும் தண்ணீர்தான் எதிரி. தண்ணீர் கூடினால் காய்ந்ததும் வெளிறும், பொடியும், மயிரிழை வெடிப்பு விடும். கெட்டியாகக் கலந்து, ரப்பர் கரணையால் இடைவெளிகளுக்குக் குறுக்காகச் சாய்த்து அழுத்தித் திணியுங்கள். பிறகு கரணையைச் செங்குத்தாகப் பிடித்து மிச்சத்தை வழித்தெடுங்கள், இழுக்கும் திசை மட்டும் இடைவெளிகளுக்குச் சாய்வாகவே இருக்கட்டும். நேராக இழுத்தால் விளிம்பு இடைவெளிக்குள் இறங்கித் தோண்டிவிடும். பதினைந்து நிமிடம்போலக் கழித்து, விரல் வைத்தால் குழி விழாத பதத்தில் ஸ்பாஞ்சு. நன்றாகப் பிழிந்த ஸ்பாஞ்சு. சொட்டச் சொட்டத் துடைத்தால் கிரவுட்டின் நிறம் கழுவிக்கொண்டு போய் அங்கங்கே திட்டுத் திட்டாகும். எனக்குப் பக்கச் சுவரில் அப்படி ஒரு திட்டு விழுந்தது, தண்ணீர்க் குடம் அதற்கு முன்னால்தான் இருக்கிறது. இரண்டு மணி நேரத்தில் டைல்மேல் வெண்மையாகப் படலம் தெரியும், காய்ந்த துணியால் தேய்த்தால் போய்விடும்.

மேடையும் சுவரும் சேரும் இடத்திலும், இரண்டு சுவர்கள் சேரும் மூலையிலும் கிரவுட் போடாதீர்கள். மேடை வேறு, சுவர் வேறு. வெயிலுக்கும் குளிருக்கும் இரண்டும் வேறு வேறு அளவில் அசையும், நடுவில் கிரவுட் இருந்தால் வெடிக்கும், வெடிப்பில் தண்ணீர் இறங்கும். அங்கே பூஞ்சை பிடிக்காத வகைச் சிலிக்கோன். இடைவெளிக்கு மேலும் கீழும் மாஸ்கிங் டேப் ஒட்டி, நிறுத்தாமல் ஒரே ஓட்டமாக இழுத்து, சோப்புத் தண்ணீரில் நனைத்த விரலால் ஒருமுறை தடவி, மேலே தோல் கட்டுவதற்குள் டேப்பை உரித்துவிடுங்கள். ஒரு நாள் அங்கே தண்ணீர் படக் கூடாது.

சிமென்ட் கிரவுட் நன்றாகக் காய்ந்தபின் டப்பாவில் சொன்ன நாள் கணக்குப்படி, கிரவுட் தண்ணீர் குடிக்காமல் தடுக்கும் சீலர் அடியுங்கள். தண்ணீர் தெளித்தால் கிரவுட் குடிக்கத் தொடங்குகிற நாளில் மறுபடி ஒரு கை.

நீளத் திருகுகளைப் போட்டு சுவிட்ச் தட்டுகளை மாட்டி, மின்சாரத்தைப் போட்டேன். மிஞ்சிய 9 டைலையும் பெட்டியில் நிறுத்தி வைத்து, பெட்டிமேல் பேட்ச் எண்ணையும் கிரவுட் நிறத்தின் எண்ணையும் எழுதிப் பரணில் ஏற்றியிருக்கிறேன். மிச்ச கிரவுட் பவுடர், ஈரம் புகாத டப்பாவில் அதன் பக்கத்திலேயே இருக்கிறது.